தனிம அட்டவணை ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது? 118 கட்டங்களின் முகவரிக் கணக்கு

2023 ஜூலையில் சீனா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கேலியம், ஜெர்மானியம் என்ற இரண்டு தனிமங்களை ஏற்றுமதி செய்ய, ஆகஸ்ட் 1 முதல் அரசின் அனுமதி கட்டாயம். சிப் தயாரிக்கும் நாடுகள் பதறிப்போயின. உலகின் கேலியம் உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, ரேடார், பலர் பையில் வைத்திருக்கும் சின்ன ‘கேலியம் நைட்ரைடு’ ஃபாஸ்ட் சார்ஜர் என்று பல இடங்களில் அது தேவைப்படுகிறது.

இந்த இரண்டு தனிமங்களுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1869-ல் ரஷ்ய வேதியியலாளர் திமித்ரி மெண்டலீவ் தன் தனிம வரிசை அட்டவணையை வெளியிட்டபோது, கேலியத்தையும் ஜெர்மானியத்தையும் யாருமே பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டுக்கும் அட்டவணையில் இடம் இருந்தது. பெயருக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி. பக்கத்தில், தோராயமாக இவ்வளவு எடை இருக்கும் என்று ஓர் எண்.

யாரும் பார்க்காத ஒன்றுக்கு எப்படி சீட் போட்டு வைக்க முடியும்? இதற்குப் பதில் தெரிந்தால், பள்ளியில் ‘ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்...’ என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அந்த அட்டவணை மொத்தமும் புரிந்துவிடும்.

முதலில் கிண்டல்தான் கிடைத்தது

1860-களில் தெரிந்திருந்த தனிமங்கள் சுமார் 63. வாயு, திரவம், உலோகம், விஷம் என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம். இவற்றுக்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பலரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியின் டாபரீனர் 1829-லேயே ஒரு கணக்கைக் காட்டினார். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் மென்மையான உலோகங்கள். மூன்றும் தண்ணீரோடு சண்டை போடும். இவற்றின் அணு நிறை 7, 23, 39. முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 23, அதாவது நடுவில் இருக்கும் சோடியம். அருமையான கணக்கு. ஆனால் இப்படிப்பட்ட ‘மும்மை’கள் சிலவற்றுக்கு மேல் கிடைக்கவில்லை.

1865-ல் இங்கிலாந்தின் ஜான் நியூலாந்து, தனிமங்களை எடை வரிசையில் அடுக்கினால் ஒவ்வொரு எட்டாவது தனிமமும் முதலாவதைப் போலவே நடந்துகொள்வதைக் கவனித்தார். ச ரி க ம ப த நி முடிந்து மறுபடி ச வருவதுபோல. அடுத்த ஆண்டு லண்டன் கெமிக்கல் சொசைட்டி கூட்டத்தில் இதை அவர் விளக்கியபோது ஒருவர் எழுந்து, “பெயர்களை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?” என்ற ரீதியில் கேட்டு மட்டம் தட்டினார். 1887-ல்தான் ராயல் சொசைட்டி அவருக்கு டேவி பதக்கம் கொடுத்தது.

நியூலாந்து சறுக்கிய இடம் ஒன்று உண்டு. கால்சியத்தைத் தாண்டியதும் அவருடைய ராகம் பிசகியது. கணக்கு தப்பாமல் இருக்க, சில கட்டங்களில் இரண்டு தனிமங்களைத் திணித்தார். இன்னும் கண்டுபிடிக்க வேண்டியவை இருக்கலாம் என்று இடம் விடவில்லை.

மெண்டலீவ் விட்ட காலியிடங்கள்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரான மெண்டலீவ், மாணவர்களுக்காக ஒரு வேதியியல் பாடப்புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எந்தத் தனிமத்துக்குப் பிறகு எதைச் சொல்வது என்ற நடைமுறைச் சிக்கலிலிருந்துதான் அட்டவணை பிறந்தது. எடை வரிசையில் வைத்துக்கொண்டே போனார். ஒரே மாதிரி குணம் உள்ளவை ஒரே தொகுப்பில் வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். இரண்டும் ஒத்துவராத இடத்தில் கட்டத்தை காலியாக விட்டார்.

1871-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். காலிக் கட்டத்தில் வரப்போகும் தனிமத்தின் எடை, அடர்த்தி, எதோடு எப்படிச் சேரும் என்பது வரை முன்கூட்டியே எழுதினார். அலுமினியத்துக்குக் கீழே வர வேண்டியதற்கு ‘ஏக அலுமினியம்’ என்றும், சிலிக்கானுக்குக் கீழே வர வேண்டியதற்கு ‘ஏக சிலிக்கான்’ என்றும் தற்காலிகப் பெயர். சமஸ்கிருத ‘ஏக’தான், ஒன்று, அதாவது ஒரு கட்டம் தள்ளி என்று அர்த்தம்.

1875-ல் பிரான்சின் லெகோக் டி புவாபோட்ரான் ஒரு புதிய உலோகத்தைக் கண்டுபிடித்து அதற்கு கேலியம் என்று பெயர் வைத்தார். அடர்த்தியை அளந்தபோது 4.7 என்று வந்தது. அந்தத் தனிமத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டலீவ், “இல்லை, 5.9 பக்கம் இருக்க வேண்டும். மறுபடி அளந்து பாருங்கள்” என்று தெரிவித்தார். நன்றாகச் சுத்திகரித்து அளந்தார்கள். 5.9!

1886-ல் ஜெர்மானியம் கிடைத்தது. மெண்டலீவ் சொன்ன அணு நிறை 72, கிடைத்தது 72.6. சொன்ன அடர்த்தி 5.5, கிடைத்தது 5.35.

இது ஜோசியம் இல்லை. மேலே சிலிக்கான், பக்கத்தில் ஆர்செனிக் என்று அக்கம்பக்கத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. முகவரி தெரிந்தால் ஆளைப் பற்றிப் பாதி சொல்லிவிடலாம் என்பதுதான் அட்டவணையின் அடிப்படை. அவருடைய கணிப்புகளில் சில பலிக்கவும் இல்லை. ஆனால் கேலியமும் ஜெர்மானியமும், இடையில் 1879-ல் வந்த ஸ்கேண்டியமும் சேர்ந்து அட்டவணையை உலகம் ஏற்கும்படி செய்துவிட்டன.

எடையா, ரோல் நம்பரா?

ஒரு நெருடல் மட்டும் பாக்கி இருந்தது. டெலுரியத்தின் அணு நிறை 127.6. அயோடினுடையது 126.9. எடைப்படி பார்த்தால் அயோடின் முன்னால் வர வேண்டும். ஆனால் அயோடினின் குணமோ குளோரின், புரோமின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெண்டலீவ் குணத்தைத்தான் நம்பினார். அயோடினைப் பின்னால் வைத்துவிட்டு, டெலுரியத்தின் எடையை யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றார்.

எடையை யாரும் தப்பாக அளக்கவில்லை. எடையை வைத்து வரிசைப்படுத்தியதுதான் தப்பு.

1913-ல் இங்கிலாந்தின் இளம் இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி, ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தார். அடுத்தடுத்த தனிமங்களுக்கு அந்த அளவு படிக்கட்டு மாதிரி சீராக ஏறியது. ஒவ்வொரு படிக்கும் அணுவின் உட்கருவில் ஒரு நேர்மின் சுமை கூடுகிறது. அதாவது ஒரு புரோட்டான். அந்த எண்ணிக்கைதான் அணு எண். டெலுரியம் 52, அயோடின் 53. மெண்டலீவ் வைத்த வரிசை சரி, அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு.

அணு எண் என்பது வகுப்பில் ரோல் நம்பர் மாதிரி. 42 இருக்கிறது, 44 இருக்கிறது என்றால் 43 வரவில்லை என்று வாத்தியாருக்கு உடனே தெரிந்துவிடும். மோஸ்லியின் முறையில் 43, 61, 72, 75 ஆகிய எண்கள் காலியாக இருப்பது தெரிந்தது. பின்னாளில் நான்கும் கிடைத்தன. அதைப் பார்க்க மோஸ்லி இல்லை. முதல் உலகப் போரில் படையில் சேர்ந்த அவர், 1915 ஆகஸ்ட்டில் கலிப்போலியில் கொல்லப்பட்டார். வயது 27.

7 மாடி, 18 அடுக்கு

இன்றைய அட்டவணையை ஓர் அபார்ட்மென்ட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கைவசத்தில் 7 வரிசைகள், இவை மாடிகள். செங்குத்தாக 18 தொகுதிகள். அபார்ட்மென்ட்டில் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று இருக்கும் ஃபிளாட்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் சமையலறை ஒரே மூலையில், குழாய் ஒரே சுவரில். தனிமங்களிலும் அப்படித்தான். ஒரே தொகுதியில் இருப்பவற்றுக்கு வெளிப்புற எலக்ட்ரான் அமைப்பு பொதுவாக ஒரே மாதிரி. வேதிவினைகளில் கை நீட்டுவது அந்த வெளிப்புற எலக்ட்ரான்கள்தான் என்பதால் குணமும் ஒத்துப்போகிறது.

முதல் தொகுதியில் இருக்கும் சோடியத்துக்கு வெளியே ஒரு எலக்ட்ரான் உபரி. 17-வது தொகுதியில் இருக்கும் குளோரினுக்கு ஒன்று குறைவு. இது கொடுக்கும், அது வாங்கும். சாப்பாட்டு உப்பு ரெடி. 18-வது தொகுதியில் இருக்கும் நியான், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களுக்கு எல்லா இடமும் நிரம்பிவிட்டது. அதனால் பொதுவாக யாரோடும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. 11-வது தொகுதி நமக்கு ரொம்பப் பழக்கமானது: செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் மேலும் கீழுமாக ஒரே அடுக்கில் குடியிருக்கின்றன.

சரி, அட்டவணை ஏன் இப்படி நடுவில் பள்ளம் விழுந்த வடிவத்தில் இருக்கிறது? வரிசைகளில் உள்ள தனிமங்களை எண்ணிப் பாருங்கள்: 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டினால் 118.

எலக்ட்ரான்கள் உட்கருவைச் சுற்றிக் கூடு கூடாக நிரம்புகின்றன. எந்த இடத்துக்கு ஆற்றல் குறைவோ, அந்த இடம் முதலில். இதில் ஒரு ட்விஸ்ட். மூன்றாவது கூட்டில் மொத்தம் 18 பேருக்கு இடம் உண்டு. ஆனால் 8 பேர் உட்கார்ந்ததுமே, அடுத்த எலக்ட்ரான் நான்காவது கூட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே ஆற்றல் குறைவு. அதுதான் பொட்டாசியம், புதிய வரிசையின் தொடக்கம். கால்சியத்துக்குப் பிறகுதான் உள்ளே விட்டுப்போன 10 இடங்கள் நிரம்பத் தொடங்குகின்றன. ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரை நடுவில் இருக்கும் அந்த 10 கட்டங்கள் அப்படி வந்தவை. இரும்பு, நிக்கல், செம்பு எல்லாம் இந்தப் பகுதியில்தான். மேலே உள்ள வரிசைகளில் இந்த 10 பேர் கிடையாது, பள்ளம் அதனால்தான்.

கீழே தனியாக ஏன் இரண்டு வரிசை?

ஆறாவது, ஏழாவது வரிசைகளில் இன்னும் ஆழமாக 14 இடங்கள் திறக்கின்றன. அவற்றை அதற்குரிய இடத்தில் செருகினால் அட்டவணை 32 கட்டம் அகலமாகிவிடும். புத்தகப் பக்கத்தில் அடங்காது. அதனால்தான் லாந்தனைடுகளையும் ஆக்டினைடுகளையும் வெட்டி எடுத்துக் கீழே வைத்திருக்கிறார்கள். வெறும் இட நெருக்கடி.

லாந்தனைடுகளில் புதிய எலக்ட்ரான்கள் உள்ளே ஆழத்தில் சேர்வதால் வெளிப்புறம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. 15 பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். இவையும் ஸ்கேண்டியம், இட்ரியமும் சேர்ந்ததுதான் செய்திகளில் அடிக்கடி வரும் ‘அரிய மண் தனிமங்கள்’. பெயரில் அரிது இருந்தாலும் பூமியில் இவை அவ்வளவு அரிதல்ல. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதுதான் பாடு. ஒரே மாதிரி இருப்பவற்றைப் பிரிக்க, கரைப்பான்களைக் கொண்டு அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் தாது இருக்கிறது. அரிய மண் தனிமங்களும் தோரியமும் அதில் உண்டு. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கிறது. மணல் கையில் இருந்தால் மட்டும் மோட்டாருக்கான காந்தம் கிடைத்துவிடாது. நடுவில் இருக்கும் அந்தப் பிரித்தெடுக்கும் வேலையில்தான் சீனா முன்னணியில் நிற்கிறது. 2025 ஏப்ரலில் அரிய மண் தனிமங்களில் ஏழுக்கு சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது வாகன நிறுவனங்கள் திணறியது இதனால்தான்.

குழந்தைப் பற்களில் கிடைத்த சாட்சி

ஒரே தொகுதியில் இருந்தால் குணம் ஒத்துப்போகும் என்பது சும்மா பரீட்சைத் தகவல் இல்லை. சில சமயம் உயிர் விஷயம்.

இரண்டாவது தொகுதியில் கால்சியத்துக்கு நேர் கீழே ஸ்ட்ரான்சியம் இருக்கிறது. அணுகுண்டு வெடிப்பில் உருவாகும் ஸ்ட்ரான்சியம்-90 கதிரியக்கம் கொண்டது. அதில் பாதி அழியவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும். 1950-களில் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்திக்கொண்டிருந்தன. காற்றில் கலந்த ஸ்ட்ரான்சியம் மழையில் இறங்கி, புல்லில் ஏறி, மாட்டின் வழியே பாலுக்கு வந்தது. உடலால் அதைச் சரியாக அடையாளம் காண முடியாது. வெளித் தோற்றம் கால்சியம் மாதிரியே இருப்பதால் எலும்பிலும் பல்லிலும் சேர்த்துக்கொள்ளும்.

இது உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958-ல் ஒரு ஆய்வு தொடங்கியது. விஞ்ஞானிகளும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, குழந்தைகளின் விழுந்த பால் பற்களைக் கேட்டு வாங்கினார்கள். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. சோதனைகள் அதிகரித்த ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்சியம்-90 பல மடங்கு கூடியிருந்தது. இதுபோன்ற ஆதாரங்கள் மக்களின் எதிர்ப்புக்கு வலு சேர்த்தன. 1963 ஆகஸ்ட்டில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் திறந்தவெளி அணுகுண்டுச் சோதனையைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பெரிய தலைவலியாக இருக்கும் சீசியம்-137 கதையும் இதேதான். அது பொட்டாசியத்தின் தொகுதி. உடல் அதைப் பொட்டாசியம் என்று நினைத்துத் தசை வரைக்கும் அனுப்பிவிடும்.

பேட்டரியும் சிப்பும்

இதே ஒற்றுமை நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். போனிலும் மின்சார வாகனத்திலும் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. லித்தியம் விலை அதிகம், கிடைக்கும் இடங்களும் குறைவு. மாற்று தேடியவர்கள் எங்கே பார்த்தார்கள்? அதே தொகுதியில் ஒரு கட்டம் கீழே. அங்கே இருப்பது உப்பில் உள்ள சோடியம். கிட்டத்தட்ட அதே குணம், அள்ள அள்ளக் கிடைக்கும். ஆனால் லித்தியத்தின் அணு நிறை 7, சோடியத்துக்கு 23, உருவமும் பெரிது. அதனால் அதே எடையில் பொதுவாகக் குறைந்த ஆற்றலைத்தான் சேமிக்க முடியும். சோடியம் அயன் பேட்டரிகள் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன.

சிப் உலகத்தின் ராஜா சிலிக்கான், 14-வது தொகுதி. வெளியே 4 எலக்ட்ரான்கள். அதற்கு இடப்பக்கத் தொகுதியில் கேலியத்துக்கு 3, வலப்பக்கத் தொகுதியில் ஆர்செனிக்குக்கு 5. இரண்டையும் சேர்த்தால் சராசரி 4. அதனால்தான் கேலியம் ஆர்செனைடும் ஒரு குறைக்கடத்தியாக வேலை செய்கிறது. ஆர்செனிக்குக்குப் பதில் அதே தொகுதியின் நைட்ரஜனைப் போட்டால் கேலியம் நைட்ரைடு, நீல எல்.இ.டி.யும் ஃபாஸ்ட் சார்ஜரும் அதில்தான். நீல எல்.இ.டி.க்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகள் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சொன்ன பேச்சு கேட்காதவை

எல்லோரும் முகவரிப்படி நடப்பதில்லை. ஹைட்ரஜன் முதல் தொகுதியின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் உலோகம் இல்லை, வாயு. ஒரு எலக்ட்ரான் இருப்பதால் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஹீலியத்துக்கு 2 எலக்ட்ரான். எலக்ட்ரான் கணக்குப்படி இரண்டாவது தொகுதி. ஆனால் யாரோடும் ஒட்டாத குணத்தால் 18-வது தொகுதியில் வைத்திருக்கிறார்கள். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது, அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் சூரியனின் ஒளியை ஆராய்ந்தார். அதே ஆண்டு சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். பூமியில் அது பிடிபட 1895 ஆனது. மெண்டலீவின் அட்டவணையில் ஹீலியம் மட்டுமல்ல, மந்த வாயுக்களின் தொகுதியே கிடையாது. 1890-களில் அவை ஒவ்வொன்றாகக் கிடைத்தபோது ஓரத்தில் ஒரு புதிய அடுக்கைச் சேர்த்தார்கள். இருந்தவர் யாரையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

119 எங்கே உட்காரும்?

113, 115, 117, 118 ஆகிய நான்கும் 2016-ல் அதிகாரபூர்வப் பெயர் பெற்றதும் ஏழாவது வரிசை நிரம்பியது. ஆனால் ரொம்பக் கனமான அணுக்களில் அட்டவணையின் பிடி தளர்கிறது. அங்கே உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கு வேகத்தில் ஓடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு எட்டிப்பார்க்கும். ஒரே தொகுதியில் வெள்ளி வெண்மையாக இருக்க, தங்கம் மட்டும் மஞ்சளாக ஜொலிப்பதற்கும் இதுதான் காரணம். மந்த வாயுக்களின் அடுக்கில் கடைசியாக இருக்கும் 118, ஒகனெசான், அறை வெப்பநிலையில் வாயுவாகவே இருக்காது என்கின்றன கணக்கீடுகள். இதுவரை உருவாக்கியது ஒரு சில அணுக்கள்தான். அவையும் சுமார் ஒரு மில்லி விநாடியில் காலி.

அடுத்தது 119. ஜப்பானின் ரிக்கன் ஆய்வகம் அதைத் தேடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 120-க்குக் குறிவைத்து, 2024-ல் டைட்டானியம் கற்றையால் 116-வது தனிமத்தை உருவாக்கி ஒத்திகை பார்த்திருக்கிறது. 119 கிடைத்தால் எட்டாவது வரிசை தொடங்கும். அட்டவணைப்படி அதன் இடம் முதல் தொகுதியில் பிரான்சியத்துக்குக் கீழே. அங்கே வந்து உட்காரும் தனிமம் லித்தியம், சோடியம் குடும்பத்தைப் போலவே நடந்துகொள்ளுமா? 1875-ல் கேலியத்தை வைத்துக் கேட்ட அதே கேள்விதான். இந்த முறை அளந்து பார்க்க ஒரு கண் சிமிட்டும் நேரம்கூடக் கிடைக்காது.